ஜெசிந்தா அக்காவின் பச்சைத் தொட்டி

செய்தி லாரன்ஸ் அண்ணனுக்குத்தான் வந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் முலாம் பட்டறையில் காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர் குரோம் டாங்கின் மேல் குனிந்து, குளியலறைக் குழாய்கள் மாட்டிய ரேக்கை இறக்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. முழங்கை வரை ரப்பர் கையுறை. அதிலிருந்து செம்பழுப்புக் கரைசல் சொட்டியது. பரிசோதனைக்குக் கரைசல் எடுக்க வந்திருந்த என்னைப் பார்த்து, "கலை, இத்த எட்து காதாண்ட வய்யிம்மா" என்றார். எடுத்தேன். இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டேன். ஒரு போலீஸ்காரர் பேசினார். திருவொற்றியூர், எக்ஸ்பிரஸ் சாலை, கன்டெய்னர் லாரி, ஸ்கூட்டர். "ஜெசிந்தாங்கிறது உங்க சம்சாரமா?" என்று கேட்டார். "உசுரோட கீறாளா சார்?" என்றார் அண்ணன். போலீஸ்காரர் வண்டி நம்பரைப் படித்தார். பிறகு, "நீங்க கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றது குரல்.

போனை அவர் பையிலேயே திரும்ப வைத்தேன். அண்ணன் பாதியில் நின்ற ரேக்கை முழுக்க இறக்கி மாட்டினார். கையுறையைக் கழற்றினார். டாங்க் ஓரத்தில் எப்போதும் இருக்கும் மெட்டாபைசல்பைட்டு பக்கெட்டில் இரண்டு கைகளையும் முக்கி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, தண்ணீரில் அலசினார். அதற்குப் பிறகுதான் ஓடினார். குரோம் டாங்கில் கை வைத்தவர் எவரும் அந்த பக்கெட்டில் கழுவாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஜெசிந்தா அக்கா போட்ட சட்டம்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். பேசாத பெண், எழுதவாவது செய்வாள் என்று நினைத்திருக்கலாம். ராயபுரத்தில் அவரோடு கோயில் பாடற்குழுவில் பாடியவர்கள் இதைப் படிப்பீர்கள். தெருவில் அவரோடு தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தவர்கள் படிப்பீர்கள். எர்ணாவூரில் எங்கள் முலாம் பூசும் பட்டறையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அது மட்டும்தான் தெரியும். எழுதத் தொடங்கும் முன் லாரன்ஸ் அண்ணனிடம், "உங்க மூக்கைப் பத்தி எழுதட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "ஊருக்கே கேக்குது. எய்துறதுல இன்னா கீது?" என்றார்.

நான் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர். பிறர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நிக்கல் டாங்கைச் சோதித்துவிட்டு, முடிவை அக்காவின் அருகே போய் மெல்லச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடி இது, ரிசல்ட் சொல்றியா, பாவசங்கீர்த்தனம் பண்றியா? நான் இன்னா சாமியாரா?" என்றார். பட்டறையே சிரித்தது. மதியம் சாப்பிடும்போது கேட்காமலே என் டப்பாவில் வறுத்த நெத்திலியை அள்ளிப் போட்டார். "துண்ணு. துண்றதுக்காவது வாயத் தொற" என்றார். அன்று அழ நினைத்திருந்தேன். அழ முடியவில்லை.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதினால் அவரே சிரிப்பார். அவரும் வேதியியல் இளங்கலை, நானும் அதே. ஒரே மேசையில் எதிரெதிரே வேலை செய்தோம். வேலையில் சண்டைதான் அதிகம். நான் பியூரெட்டைக் கழுவினால் அவர் மறுபடி கழுவுவார். அவர் கரைசல் தயாரித்தால் அதை நான் மறுபடி சோதிப்பேன். "எம்மேல நம்பிக்க இல்ல உனுக்கு" என்பார். "உங்களுக்கும் இல்லையே அக்கா" என்பேன். மெதுவாகத்தான் சொல்வேன். ஆனால் சொல்லிவிடுவேன். அவரிடம் மட்டும் அது முடிந்தது.

லாரன்ஸ் அண்ணன் வருவது எங்களுக்குப் பார்க்காமலே தெரியும். அவர் மூச்சு விட்டால் மெல்லிய விசில் கேட்கும். மூக்குத் துவாரங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பில் ஓட்டை. குரோம் டாங்கில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு அது வரும். வலிக்காது, அதனால் வந்தது தெரியாது. ஒருநாள் மூக்கைச் சிந்தினால் இந்தப் பக்கக் காற்று அந்தப் பக்கம் போகும். "மாதா குட்த்த ஊதல். பஸ்ஸுல ஆரனே வேணாம் எனுக்கு" என்று அண்ணன் சிரிப்பார். அவர் அந்த வேடிக்கையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த ஓட்டை விழுந்த பிறகுதான் அக்கா இந்தப் பட்டறைக்கு வேலைக்கு வந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் இருந்திருக்கிறார். நிழலான வேலை, விடுமுறைகள் உண்டு. அதை விட்டுவிட்டு வந்தார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வேற டாங்குக்கு மாறுன்னு லாரன்ஸாண்ட சொன்னேன். அங்கியும் போவ மாட்டேன்றான், போனாலும் மொதலாளி அண்ணாச்சி வுட மாட்டாரு, குரோம் போட அவன மாரி ஆளில்ல. அவன மாத்த முடியாது. டாங்க மாத்தலாமானு பாக்க வந்தேன்" என்றார்.  மூக்கோடு நின்றது நுரையீரலுக்கு இறங்குவதற்கு முன் டாங்க் மாற வேண்டும். அக்கா பட்டறையில் செய்தது எல்லாம் இதற்காகத்தான்.

வேதியியல் படிக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். குழாயின் மேல் பளபளக்கும் குரோமியமும், டாங்கில் செம்பழுப்பாகக் கிடக்கும் குரோமியமும் ஒரே தனிமம். அதனிடம் எத்தனை எலக்ட்ரான் குறைகிறது என்பதுதான் வேறுபாடு. டாங்கில் இருப்பதற்கு ஆறு குறைவு. பாடப்புத்தகத்தில் ஆக்சிஜனேற்ற நிலை ஆறு என்று படித்தோம். பட்டறையில் அதற்கு சிக்ஸ் என்று பெயர். மின்சாரம் அந்த ஆறையும் கொடுத்தால் அது உலோகமாகிக் குழாயில் படியும். மின்சாரம் கொடுக்காத இடத்தில், எதைத் தொடுகிறதோ அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். டாங்கில் கரன்ட் ஓடும்போது குமிழிகள் எழுந்து உடைகின்றன. கண்ணுக்குத் தெரியாத சாரல் மேலே வருகிறது. அது மூச்சில் போகிறது. அக்கா இதை ஒரே வரியில் சொல்வார்: "அதுக்கு வோணும். குடுக்கறவன் குடுக்கலனா பக்கத்துல கீறவன் மூக்குலர்ந்து புடுங்கிக்கும்."

அதற்கே மூன்று எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் அடங்கிவிடும். நிறம் பச்சையாகும். தோலை அரிக்காது, சதையைத் துளைக்காது. இது த்ரீ. கை கழுவும் பக்கெட்டில் நடப்பது அதுதான். தீக்குச்சி கொளுத்தியது போல நெடியடிக்கும் அந்தத் தண்ணீர், விரலில் ஒட்டிய மஞ்சளுக்கு மூன்று எலக்ட்ரானைக் கொடுத்துப் பச்சையாக்கிவிடுகிறது. சிக்ஸுக்குப் பதிலாக த்ரீயையே டாங்கில் ஊற்றி முலாம் பூசும் முறை பல ஊர்களில் வந்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு வரவில்லை. கரைசல் புதிது, கவனம் அதிகம் வேண்டும், நிறத்திலும் மிக லேசான வேறுபாடு இருக்கும். பழைய குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிழல் மங்கல்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். தெற்கிலிருந்து வந்து, முதலில் இரும்புக்கடை வைத்து, பிறகு இந்தப் பட்டறையை எடுத்தவர். அவரும் இதைப் படிப்பார். குறை சொல்ல எழுதவில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம், "பாப்போம்மா, பார்ட்டி ஒத்துக்கிடணும்லா" என்பார். பார்ட்டி என்றால் குழாய் வாங்கும் நிறுவனம். அவர் மனம் இளகியது ஓர் ஆயுதபூசை அன்று. டாங்குகளைக் கழுவிப் பொட்டு வைத்து, அலுவலகத்துக்கு வெளியே பிள்ளையார் படத்தையும் வேளாங்கண்ணி மாதா படத்தையும் ஒன்றாக வைத்து மாலை போட்டிருந்தோம். பொரி தட்டில் வந்தது. அக்கா பொரியைத் தொடாமல், ஈர வடிதாள்களை எடுத்துக்கொண்டு நடந்தார். பிள்ளையார் படத்தின் கண்ணாடியை ஒரு தாளால் துடைத்தார். மாதா படத்தை இன்னொன்றால். சாப்பாட்டு மேசை, மின்விசிறி இறக்கை, கடைசியாக அண்ணாச்சியின் நாற்காலிக் கை. தாள்களை வரிசையாக மேசையில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சோதனைக் கரைசலில் சில சொட்டு விட்டார். சிக்ஸ் இருந்தால் அது ஊதாவாகும். எல்லாத் தாளும் ஊதாவானது. படங்களின் தாள் திராட்சைச் சாறு போல.

 அண்ணாச்சி தன் நாற்காலித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதும்மா?"

"நீங்க கை வச்சிகினு ஒக்கார்ற எடம் அண்ணாச்சி."

"நான் டாங்குப் பக்கமே வரதில்லையே."

"நீங்க வரலனா இன்னா? அது வருது."

அண்ணாச்சி எழுந்து போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து, மூலையில் கிடந்த காலித் தொட்டியைக் காட்டி, "அதுல போட்டுக் காட்டும்மா. நல்லா வந்துச்சுன்னா பார்ட்டிய நானே கூட்டிட்டு வாரேன்" என்றார். லாரன்ஸ் அண்ணன் பொரியை மென்றுகொண்டே, "பிள்ளையாருக்கே மூக்குல ஓட்ட வுந்துட்ச்சி. நமக்கு இன்னா?" என்றார். அன்று மட்டும் அக்கா எழுந்து போகவில்லை. சிரித்தார்.

அந்தத் தொட்டிதான் பச்சைத் தொட்டி. அது இருந்த மாதங்களில் அக்காவைப் பார்க்காதவர்கள் அவரை முழுதாகப் பார்க்கவில்லை என்பேன். காலையில் வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஹெல்மெட்டோடு முதலில் அங்கேதான் போவார். எட்டிப் பார்த்து, "இன்னாமா, நல்லாத் தூங்குனியா?" என்று தொட்டியைக் கேட்பார். த்ரீ கரைசல் நோஞ்சான் பிள்ளை மாதிரி. சிறிது செம்பு போனாலும் கெடும், துத்தநாகம் போனாலும் கெடும். எல்லாவற்றையும்விட, அதில் சிக்ஸ் போகவே கூடாது. முதலில் வந்த குழாய்கள் சாம்பல் பூத்திருந்தன. பிறகு வந்தவை பளிச்சென்று இருந்து ஓரத்தில் மங்கின. சூட்டை மாற்றினோம், கரன்ட்டைக் குறைத்தோம், சண்டை போட்டோம். ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பழைய குழாயையும் புதியதையும் என் கையில் கொடுத்து, எது எது என்று கேட்டார். நான் மாற்றிச் சொன்னேன். அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். வலித்தது.

குழாய் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்த நாளைப் பற்றி எழுதாமல் விட முடியாது. அக்கா அன்று நல்ல புடவை கட்டியிருந்தார். அண்ணாச்சியோடு வாசலுக்குப் போய் அந்த மனிதரை அழைத்து வந்து, அலுவலகத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் லேபில் மாதிரிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைத் தொட்டியின் பக்கத்தில் லாரன்ஸ் அண்ணன் மட்டும் இருந்தார். வெதுவெதுப்பான கரைசல் என்பதால் ஆவியாகி மட்டம் குறையும். அன்று கொஞ்சம் குறைந்திருந்தது. பெரிய மனிதர் வரும் நேரத்தில் தொட்டி குறையாக இருக்கக் கூடாது என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. மொண்டு ஊற்றினார்.

முலாம் பட்டறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குரோம் டாங்கிலிருந்து தூக்கிய ரேக்கை முதலில் அலசும் தொட்டியில், ஒட்டி வந்த குரோமியம் கரைந்து தண்ணீர் மஞ்சளாக நிற்கும். அதை யாரும் கொட்டுவதில்லை. டாங்கில் மட்டம் குறையும்போது அந்த மஞ்சள் தண்ணீரைத்தான் திரும்ப ஊற்றுவார்கள். சரக்கும் வீணாகாது, சாக்கடைக்கும் போகாது. எங்கள் பட்டறையில் இதைக் கண்டிப்பாக்கியவரே அக்காதான். "ஒரு சொட்டு சாக்கடைக்குப் போச்சினா கைய முறிச்சிடுவேன்" என்பார். மட்டம் குறைந்தால் எதை ஊற்றுவது என்று அண்ணனின் கை யோசிப்பதில்லை. பக்கெட்டை எடுத்தார், பக்கத்து அலசல் தொட்டியில் மொண்டார், பச்சைத் தொட்டியில் ஊற்றினார். பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் பச்சையாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியவில்லை.

வந்தவரின் முன்னால் ரேக் இறங்கி, நேரம் முடிந்து, மேலே வந்தது. குழாய்கள் மேல் கருங்கோடுகள். புகை படிந்த சுவர் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. அக்கா இன்னொரு ரேக்கை இறக்கச் சொன்னார். அதுவும் அப்படியே வந்தது. வந்தவர் நாகரிகமானவர். "பரவாயில்லைங்க, எங்களுக்குப் பழைய குவாலிட்டியே போதும்" என்று சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி அவரோடு வாசல் வரை போனார்.

அக்கா தொட்டியிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் கரைசல் எடுத்தார். லேபில் சோதித்தார். ஊதா. சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"லாரன்ஸு, இதுல இன்னா ஊத்துன?"

"லெவலு கொறஞ்சி இருந்திச்சி ஜெசி. அதான் ஊத்துனேன்."

"எத்த ஊத்துன?"

"எத்தனா? எப்பவும் ஊத்துறத."

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனுக்குப் புரிந்தது. முகம் மாறிவிட்டது. பக்கெட்டைக் கீழே வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி எடுத்தார். அக்கா கத்தப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் கத்தவில்லை. "நான் சொல்லிக் குட்த்ததத்தான ஊத்துன" என்றார். புடவைத் தலைப்பால் சோதனைக் குழாயைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு என்னிடம், "மெட்டா எட்து வா" என்றார். கை கழுவும் பக்கெட்டில் போடும் அதே மருந்து. அண்ணனுடைய விசில் மட்டும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

தொட்டியைச் சரிசெய்ய வெகுநாள் ஆனது. உள்ளே போன சிக்ஸுக்கு அளந்து அளந்து எலக்ட்ரான் கொடுக்க வேண்டும். குறைந்தால் சிக்ஸ் மிஞ்சும், கூடினால் கரைசல் வேறு வழியில் கெடும். பழைய தகடுகளைத் தொங்கவிட்டு, மெல்லிய கரன்ட் கொடுத்து, மற்ற அழுக்குகளை இழுத்தோம். தினமும் ஒரு சொட்டு எடுத்து ஊதா வருகிறதா என்று பார்ப்பார். வெளிர் ஊதா, அதைவிட வெளிர், பிறகு ஒன்றுமில்லை. அன்று அண்ணாச்சியிடம் போய், "தொட்டி சுத்தமாயிட்ச்சி. அவர மறுபடி வரச் சொல்லுங்க" என்றார். அண்ணாச்சி போன் செய்தார். எங்கள் முன்னால்தான் செய்தார். அந்த மனிதர் வெளியூரில் இருந்தார். பிறகு கூட்டத்தில் இருந்தார். பிறகு எடுக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பள நேரத்தில் அக்கா அண்ணாச்சியின் அறைக்குப் போய், "அவங்க எப்ப வராங்க?" என்று கேட்பார். "பாப்போம்மா" என்பார் அண்ணாச்சி. அவ்வளவுதான். முதலில் எல்லோரும் காது கொடுத்தார்கள். பிறகு அது பட்டறைக்குப் பழகிப்போன ஒரு சத்தமாகிவிட்டது. பச்சைத் தொட்டிக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு மூடினோம். அதன்மேல் யாரோ டீ டம்ளர் வைத்தார்கள். அக்கா டம்ளரை எடுத்துக் கீழே வைப்பார். மறுநாளும் இருக்கும்.

இறப்பதற்கு முந்திய சனிக்கிழமை, கேட்டுவிட்டு வெளியே வந்தவரிடம், "அவங்க வர மாட்டாங்க அக்கா" என்றேன். அதுவரை யாரும் அதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் என் மேல் கோபப்படவில்லை. ஸ்கூட்டர் சீட்டைத் தட்டி, உட்கார்ந்து, "எனுக்குத் தெரியாதா? கேக்காம வுட்டா, வேணாம்னு நானே சொன்ன மாரி ஆயிடும்ல?" என்றார். பின்னால் வந்து உட்கார்ந்த லாரன்ஸ் அண்ணனைப் பார்த்து, "யோவ், காலத் தூக்கி வய்யி, செருப்பு தேயிது" என்றார். போனார்கள். அவர் பேசி நான் கடைசியாகக் கேட்டது செருப்பைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை அண்ணனுக்கு முதல் ஷிப்ட் என்பதால் விடியலில் ரயிலில் வந்துவிட்டார். அக்கா சமைத்துவிட்டுப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் எல்லோருடைய வீட்டிலும் அந்தச் சாலை யாரையாவது தொட்டிருக்கிறது. அவரைக் கொன்றது குரோமியமில்லை. அவர் எந்த விஷத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அதற்கும் அந்தக் காலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதில் பொருள் தேடி எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். ஒன்றுமில்லை.

அடக்கப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. குருவானவர் கடைசிச் செபத்துக்கு முன் எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொன்னார். அந்த மௌனத்தில் முன்வரிசையிலிருந்து விசில் கேட்டது. அண்ணன் அழுததால் மூச்சு வேகமாக வந்தது. ஊருக்கு அது மூச்சின் சத்தம். பட்டறையிலிருந்து வந்த எங்களால் தலை நிமிர முடியவில்லை.

சடங்குகள் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்தார். குரோம் டாங்குக்குத்தான் வந்தார். அண்ணாச்சி அவருக்கு வேறு வேலை தருவதாகச் சொன்னது உண்மை. "வூட்ல குந்தினு இன்னா பண்றது, தெரிஞ்சது இதான்" என்று அவர்தான் மறுத்தார். அதே வாரத்தில் புதிய நிக்கல் வேலைக்கு ஒரு தொட்டி தேவைப்பட்டது. பச்சைத் தொட்டியைக் காலி செய்யும்படி அண்ணாச்சி என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலி செய்வதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பது விதி. பலகையை எடுத்தேன். ஒரு சோதனைக் குழாயில் கரைசல் மொண்டு சோதித்தேன். ஊதா இல்லை. மறுபடி சோதித்தேன். இல்லை. அக்கா சொன்னது சரி. தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. லாரன்ஸ் அண்ணன் வந்து பின்னால் நின்றார். "ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கலாமா கலை?" என்றார். கரைசலைச் சூடாக்கினோம். அடிப்பூச்சாக நிக்கல் முடிந்த ஒரு குழாயைத் தொங்கவிட்டு, சாதாரணமாக நூறு குழாய்க்குப் பார்க்காத பார்வையை அந்த ஒன்றுக்குப் பார்த்தோம். கோடில்லாமல், திட்டில்லாமல் வந்தது. அண்ணன் அதை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான கீது" என்றார். பிறகு, "இத்தயா வேணாம்னானுங்க" என்றார். அன்று மாலையே கரைசல் முழுவதையும் சுத்திகரிப்புக்கு அனுப்பினேன். சுண்ணாம்பு போட்டதும் பச்சைச் சேறாக அடியில் படிந்தது. அண்ணன் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

அந்தக் குழாயை அவர் தனியாக எடுத்து வைக்கவில்லை. அன்றைய மற்றக் குழாய்களோடு பெட்டியில் போட்டார். அது அந்த நிறுவனத்துக்கே போனது. பார்த்தவர்கள் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். யாருடைய குளியலறையிலோ இந்நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். புகார் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை சம்பள நேரத்தில் நான் அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு குழாய் அப்படிப் போனதையும், அது திரும்பி வரவில்லை என்பதையும் சொன்னேன். அவங்களை மறுபடி கேட்கலாமா என்றேன். அண்ணாச்சி வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். "ஒண்ணுக்குப் புகார் வராதும்மா. ஆயிரம் போச்சுன்னா வரும்" என்றார். பிறகு, "தொட்டியே இல்லையேம்மா இப்ப" என்றார். அவர் கெட்டவரில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை.

வெளியே லாரன்ஸ் அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். இப்போது அவருக்கு இருமலும் சேர்ந்திருக்கிறது. மழைக்கால இருமல் என்கிறார். "வுடும்மா. அவ எனக்காவ கேட்டா. நீ யாருக்காவ கேக்குற?" என்றார். உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்காகவும் என்று சொல்லியிருக்கலாம். நானும் அந்தக் காற்றில்தான் நாள் முழுக்க நிற்கிறேன். 

ஜெசிந்தா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சனிக்கிழமைக் கேள்வி மட்டும். அவரைப் போல அதை உரக்கக் கேட்க எனக்கு வரவில்லை. அதற்குப் பதில் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. போன சனிக்கிழமையும் போய்க் கேட்டேன். "பாப்போம்மா" என்றார் அண்ணாச்சி. நான் திரும்பி வந்தபோது அண்ணன் அடுத்த ரேக்கை டாங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்.